கணிப்பொறி படிக்காத வரிகள்



நூற்பாலையில் பணிபுரிந்தவர் நம் குடும்பங்களில் பலர் உண்டு. நூல் சுற்றிய கோன்களைப் பெட்டியில் அடுக்கும்போது இன்ன கோன் இன்ன நம்பர் நூல் என்பதை அறிய, ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கோனின் நுனியிலும் நம்பருக்கு ஏற்ற வண்ணம் தீட்டியிருக்கும். திருப்பூரில் அக்கோனை ஏற்றிப் பின்னும் இயந்திரம் அந்தச் சீட்டைப் படிப்பதில்லை. சீட்டில் 30 என்றிருந்து நூல் 40 ஆக இருந்தாலும் அது மறுப்பேதும் சொல்லாது பின்னிக்கொண்டேயிருக்கும். ஆனால் சீட்டை நம்பிக் கோனை ஏற்றியவர் மனிதர். துணி வெளிவந்து சாயமும் ஏறிய பின்னரே குறுக்கே வரி விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் நூலும் கூலியும் வீணாகிவிடும். இயந்திரத்துக்குத் தேவையற்ற ஒரு சீட்டு மனிதருக்கு எவ்வளவு தேவையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கணிப்பொறி உலகிலும் இத்தகைய சீட்டு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். மனிதர் எழுதிய வடிவிலேயே உள்ள நிரல் மூல நிரல் எனப்படும். அதன் இடையிடையே கட்டளையல்லாத சில வரிகளும் எழுதப்படுகின்றன. 'இந்தப் பகுதி இன்ன வேலையைச் செய்கிறது', 'இந்த எண் இன்ன அளவைக் குறிக்கிறது', 'இங்கே இவ்வாறு செய்யாவிடில் இன்ன தொல்லை நேரும்' என்று அவை பேசும். இவை குறிப்புரைகள். மூல நிரலைக் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்னும் கருவி, குறிப்புரை வந்தவுடன் அதை வெற்றிடமாகக் கருதித் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே குறிப்புரையில் எவ்வளவு பெரிய பொய் எழுதியிருந்தாலும் பொறி பிழையின்றி ஓடும். அப்பொய்யால் ஏமாறுவது அடுத்து வந்து அந்நிரலைப் படிக்கும் மனிதரே.

இதை விளங்கிக்கொள்ள லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஏறத்தாழ 10,000 வரிகளுடன் தொடங்கிய பணி அது. இன்று அதன் கருப்பகுதி 3 கோடி வரிகளைத் தாண்டி நிற்கிறது. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடியில் இயங்குவது அதுவே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளமும் அதன்மீதே கட்டப்பட்டது. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாட உதவும் வலையமைப்புப் பகுதி அதில் முக்கியமான ஒன்று. 1995 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அதன்பின் நாம் அனுப்பிய மடல்களிலும் பணத்திலும் பெரும்பங்கு இத்தகைய நிரல்களின் வழியாகவே பயணம் செய்துள்ளது. அந்த மூல நிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. உலகெங்குமுள்ளோர், நம் நாட்டு இளைஞர் உட்பட, அதைப் படித்துத் திருத்தங்களை அனுப்புகின்றனர். அத்திருத்தங்களில் ஒரு பகுதி கட்டளைகளைத் தொடுவதே இல்லை. குறிப்புரைகளை மட்டுமே சீர்செய்கிறது.

'பொறி படிக்காத வரியைத் திருத்துவது ஒரு வேலையா?' என்று சிலர் நகைக்கலாம். குறிப்புரை எவ்வெவ்வாறு பிழைபடுகிறது என்று பார்த்தால் அந்த நகைப்பு அடங்கிவிடும்.

முதலாவது, வெறும் எழுத்துப்பிழை. 'பெறு' எனப் பொருள்படும் 'ரிசீவ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 'இ', 'ஐ' என்னும் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதிவிடுவது உலகப் பொதுவான பிழை. செய்தியைப் பெறுவதும் அனுப்புவதுமே தொழிலாகிய வலையமைப்பு நிரலில் அச்சொல் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள். கோடிக்கணக்கான வரிகளில் ஒன்றைத் தேடுவோர் சொல்லைக் கொண்டே தேடுவர். பிழையாக எழுதிய சொல் அத்தேடலில் அகப்படாது. இதற்காகவே லினக்ஸ் நிரல் தொகுப்பினுள் அடிக்கடி நேரும் எழுத்துப்பிழைகளும் அவற்றின் திருத்தங்களும் அடங்கிய பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றனர். புதிதாக வரும் திருத்தங்களைச் சோதிக்கும் கருவி அப்பட்டியலைப் பார்த்து எச்சரிக்கை தரும்.

இரண்டாவது வகைப் பிழை இதைவிட நுட்பமானது. எழுதியபோது உண்மையாக இருந்தது, ஒருவரும் கைவைக்காமலே பொய்யாகிவிடுவது. லினக்ஸினுள் காலத்தை அளக்கும் ஒரு துடிப்பு உண்டு. வழக்கமான மேசைக் கணிப்பொறிகளில் அது நெடுநாள் நொடிக்கு 100 முறை துடித்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் அது 1000 ஆயிற்று. 2005-இல் வந்த 2.6.13 பதிப்பில் இயல்பான அளவு 250 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய நாளில் ஒருவர், 'ஒரு துடிப்பு என்பது நொடியில் நூறில் ஒரு பங்கு' என்று குறிப்பு எழுதியிருப்பாரானால், அவர் உண்மையையே எழுதினார். பின்னர் வேறோர் இடத்தில் ஒரே ஓர் எண் மாறியதும், அவர் எழுதிய வரி இருந்த இடத்திலேயே பொய்யாகிவிட்டது. நம் வீட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்த உறவினரின் பழைய முகவரி போல, அது பிழையென்று தன்னைக் காட்டிக்கொள்ளாது. நம்பிச் செல்பவரைத் தவறான வாயிலில் கொண்டு நிறுத்தும்.

மூன்றாவது, பொருளையே புரட்டிவிடும் பிழை. ஓர் எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதும்போது பெரிய கூறை முதலில் வைப்பதா, சிறிய கூறை முதலில் வைப்பதா என்பதில் கணிப்பொறிகளுக்குள் இருவேறு மரபுகள் உண்டு. வலையமைப்பில் பெரிய கூறு முன்னே வரவேண்டும் என்பது விதி. நாம் பரவலாகப் பயன்படுத்தும் கணிப்பொறிகளோ சிறிய கூறை முன்னே வைப்பவை. இணையப் பக்கங்களை வழங்கும் வாயிலுக்கு 80 என்று எண். வலையமைப்பு முறையில் அது '0, 80' என்று செல்லும். இதை மறுமுறையில் படித்தால் 80-ஐ 256-ஆல் பெருக்கிய எண், அதாவது 20,480, கிடைக்கும். ஓரிடத்தில் எண் வலையமைப்பு முறையில் இருக்க, அருகிலுள்ள குறிப்புரை 'இது கணிப்பொறியின் சொந்த முறையில் உள்ளது' என்று கூறினால் என்ன ஆகும்? அதை நம்பிப் புதுக் கட்டளை எழுதும் இளைஞர் 80-ஆம் வாயிலைத் தட்டுவதாக நினைத்துக்கொண்டு 20,480-ஆம் வாயிலைத் தட்டுவார். அவர் அறிவில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. அவருக்கு முன் சென்றவர் நட்ட வழிகாட்டிப் பலகையே திசை மாறி நின்றது.

இந்தத் தொல்லையைக் குறைக்க லினக்ஸ் அமைப்பினர் ஒரு நல்ல வழி கண்டனர். 'இந்த எண் வலையமைப்பு முறையில் உள்ளது' என்பதை வெறும் குறிப்பாக விடாமல், எண்ணின் வகைப் பெயரிலேயே பொறித்துவிட்டனர். டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' என்னும் சோதனைக் கருவி, இரு முறைகளும் கலந்துவிடும் இடங்களைக் கண்டு சொல்லும். சொல்லாக மட்டும் இருந்த உண்மை சோதிக்கத்தக்க உண்மையாயிற்று. ஆயினும் எல்லாக் குறிப்புரைகளையும் இவ்வாறு மாற்ற இயலாது. 'ஏன்' என்னும் கேள்விக்கான விடையை எந்தக் கருவியும் சோதிக்க வல்லதன்று.

இனி நான்காவதாக ஒன்று. குறிப்பும் கட்டளையும் முரண்படுகின்றன. பிழை எந்தப் பக்கம்? இங்கேதான் திருத்துபவரின் நேர்மையும் பொறுமையும் சோதனைக்கு உள்ளாகின்றன. இதற்கு வலையமைப்பு வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு.

இணையத்தின் செய்திப் போக்குவரத்து விதிகள் 'ஆர்.எஃப்.சி.' என்னும் எண்ணிட்ட ஏடுகளில் வெளியாகின்றன. செய்திகளை வரிசை குலையாமல் கொண்டு சேர்க்கும் டி.சி.பி. என்னும் முறையின் விதிகள் 1981 செப்டம்பரில் 793-ஆம் ஏடாக வந்தன. அதில் 'அவசரச் சுட்டி' என்று ஒன்று உண்டு. தொலைவிலுள்ள கணிப்பொறியில் ஒரு வேலையை ஏவியவர் திடீரென 'நிறுத்து' என்று ஆணையிட விரும்புகிறார். ஆனால் அவர் முன்பு அனுப்பிய செய்திகள் வரிசையில் காத்து நிற்கின்றன. 'இந்த இடம் வரை அவசரம்' என்று மறுமுனைக்கு உணர்த்துவதே அச்சுட்டியின் வேலை. அது எந்த பைட்டைச் சுட்ட வேண்டும்? அவ்வேட்டின் ஒரு பக்கம், அவசரச் செய்திக்கு அடுத்த பைட்டை என்றது. மற்றொரு பக்கம், அவசரச் செய்தியின் கடைசி பைட்டை என்றது. ஒரே ஏட்டில் ஒரு பைட்டு வேறுபாடு!

பின்வந்த ஏடுகள் இதைத் திருத்த முயன்றன. 1989 அக்டோபரில் வந்த 1122-ஆம் ஏடு, கடைசி பைட்டே சரி என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பரவிய பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் வகை, அடுத்த பைட்டைச் சுட்டும் வழக்கத்துடன் அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. லினக்ஸை எழுதியோர் என் செய்வர்? ஏட்டின்படி நடந்தால் பெரும்பாலான கணிப்பொறிகளுடன் அவசரச் செய்தியைச் சரியாகப் பரிமாற இயலாது. ஆகவே பெரும்பான்மை வழக்கையே பின்பற்றினர். ஆனால் அதை மூடி மறைக்கவில்லை. அவசரச் செய்தியைத் தாம் தவறாகவே கையாளுவதாகவும், பி.எஸ்.டி. இன்னும் திருத்தத்தை ஏற்காமையால் அவ்வாறு செய்யவேண்டியிருப்பதாகவும், திருத்தம் வந்த 961-ஆம் ஏட்டின் எண்ணையும் சுட்டிக் குறிப்புரை எழுதி வைத்தனர். விரும்புவோர் மற்ற முறைக்கு மாறிக்கொள்ள ஒரு விசையையும் அமைத்தனர். எவ்வளவு நேர்மையான குறிப்பு அது! விதி இன்னது, நாங்கள் செய்வது இன்னது, காரணம் இன்னது என்ற மூன்றையும் அது சொல்லிவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 2011 ஜனவரியில் வந்த 6093-ஆம் ஏடு, நடைமுறையில் எல்லோரும் செய்துவந்ததையே விதியாக ஏற்றுக்கொண்டது. 2022 ஆகஸ்டில் 9293-ஆம் ஏடு வந்து பழைய 793-ஐ முழுமையாக மாற்றியது. இப்போது அந்தக் குறிப்புரையில் உள்ள 'தவறாக' என்ற சொல்லின் நிலை என்ன? கட்டளை மாறவில்லை, விதியே கட்டளையிடம் வந்து சேர்ந்தது. இத்தகைய வரியைத் திருத்த முற்படுபவர் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் போனால் போதாது. முப்பது ஆண்டுக் கதையைப் படித்து, எது எப்போது ஏன் மாறியது என்பதை உணர்ந்த பின்னரே கை வைக்கவேண்டும். ஒரு வரியைத் திருத்த நாற்பது பக்கம் படிப்பது வீணன்று. அதுவே திருத்தும் உரிமையைத் தருவது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலுக்கு 1976-இல் வரிக்கு வரி உரை எழுதினார். உரிமக் கட்டுப்பாட்டினால் அந்நூல் அச்சேறாமல், நகலின் நகலாகக் கைமாறி உலகைச் சுற்றி வந்து, 1996-இல்தான் முறையாக வெளியாயிற்று. அந்த மூல நிரலில், ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்குப் பொறி தாவும் இடத்தில், இது உங்களுக்குப் புரியவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை எனும் பொருளில் ஒரு குறிப்புரை இருந்தது. படித்தோர் இதை ஆணவமாக எண்ணினர். யூனிக்ஸை உருவாக்கியோரில் ஒருவரான டெனிஸ் ரிட்சி பின்னாளில் இதற்கு விளக்கம் தந்தார். 'இது தேர்வில் வராது' என்று ஆசிரியர் மாணவருக்குச் சொல்வது போன்றே அதை எழுதியதாகக் கூறிய அவர், உண்மையில் அங்கு நடப்பது தங்களுக்கே விளங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கட்டளை முறை ஒரு பொறியில் தற்செயலாகச் சரியாக ஓடியது. வேறு பொறிக்குக் கொண்டு சென்றபோது குறை வெளிப்பட்டு மாற்றப்பட்டது. விளக்க முடியாத குறிப்பு பெரும்பாலும் விளங்காத செயலின் அடையாளமே. குறிப்புரையை நேர்மையாக எழுத முயல்பவர் தம் செயலின் குறையை முதலில் தாமே காண்பார்.

மூலமும் உரையும் என்னும் இந்த உறவு நமக்குப் புதிதா? நம் கொங்கு நாட்டுப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றினார். பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை அவரோடு தொடர்புபடுத்திப் பேசுவது நம் பகுதி மரபு. அந்நூலுக்கு மயிலைநாதர் முதலாகப் பலர் உரை கண்டனர். சங்கர நமச்சிவாயர் விரிவானதோர் உரை வரைந்தார். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அவ்வுரையில் பிழையெனக் கண்டவற்றைத் திருத்தினார், வேண்டியவற்றைச் சேர்த்தார். ஆனால் முன்னவர் உரையை எறிந்துவிட்டுத் தாமாக ஒன்றைப் புனையவில்லை. நல்லதை நல்லதாகவே நிறுத்தி, குறையை மட்டும் நீக்கினார். அத்திருத்திய உரை புத்தம் புத்துரை என்று பெயர் பெற்றது. மற்றோர் இலக்கண நூலை மறுக்க 'சூறாவளி' என்றே பெயரிட்டு நூல் எழுதிய வன்மை உடையவர் அவர். அப்படிப்பட்டவர் ஓர் உரைக்குள் அமர்ந்து வரி வரியாகச் சீர்செய்தார் என்பது நினைக்கத்தக்கது. சூறாவளியைப் பலர் வியப்பர். மாணவருக்கு நாள்தோறும் பயன்பட்டது சீர்செய்யப்பட்ட உரையே.

லினக்ஸ் வலையமைப்புத் துறையினரும் இதையொத்த நெறிகளை வகுத்துள்ளனர். ஒரு திருத்தத்தில் ஒரு காரியமே இருக்கவேண்டும். என்ன மாற்றினோம் என்பதோடு ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதவேண்டும். 2004 முதல், 'இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு' என்று உறுதி கூறித் தம் பெயரிட்டு ஒப்பமிடவேண்டும். ஏற்கெனவே வெளியானதில் உள்ள கேடுகளை நீக்கும் திருத்தத்திற்கு ஒரு கிளை, அடுத்த பதிப்பிற்கான மாற்றத்திற்கு மற்றொரு கிளை என்று வரிசையும் உண்டு. காரணமின்றி வரிகளைக் கலைத்து அழகுபடுத்தும் திருத்தங்களை அவர்கள் விரும்புவதில்லை. அவை சோதிப்போரின் நேரத்தைத் தின்பதோடு, பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைக் கொண்டு செல்வதையும் கடினமாக்கும். ஆனால் அதே நெறியேடு, எழுத்துப்பிழையையும் இலக்கணப்பிழையையும் நீக்குவதற்குத் தடையில்லை என்று தனியே எடுத்துச் சொல்கிறது. சிறு திருத்தமும் வீண் கலைப்பும் ஒன்றல்ல என்பதை அவர்கள் நன்கு அறிந்திருக்கின்றனர்.

திருத்துபவர் மறவாதிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. குறிப்பும் கட்டளையும் முரண்படும்போது, குறிப்பைக் கட்டளைக்கு ஏற்ப வளைத்துவிடுவது எளிது. ஆனால் குறிப்பு, எழுதியவரின் உண்மையான நோக்கத்தைச் சொல்லியிருக்கலாம். பிழை கட்டளையில் இருக்கலாம். அப்போது குறிப்பைத் திருத்துவது, திருடன் நுழைந்ததைக் கண்டு குரைத்த நாயைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். பிழையைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியை நாமே அழித்தவராவோம். ஆதலால் வரலாற்றைப் பார்த்து, எழுதியவரைக் கேட்டு, செயலைச் சோதித்து, அதன் பின்னரே எழுதுகோலை எடுக்கவேண்டும்.

இதில் குடும்பங்களுக்கும் பாடம் உண்டு. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில், மாற்றிய இணைப்புக்குப் பழைய பெயரே எழுதியிருக்கிறதா? ஒரு மருந்துப் புட்டியில் வேறு மருந்தை ஊற்றி வைத்துச் சீட்டை மாற்றாமல் விட்டிருக்கிறோமா? கடன் தீர்ந்த பின்னும் கணக்கேட்டில் பாக்கி என்றே நிற்கும் வரி உண்டா? எழுதியவருக்கு உண்மை தெரியும். அதனால் அவருக்குத் தீங்கில்லை. அவர் இல்லாத நாளில், இருட்டில், அவசரத்தில் வந்து படிப்பவருக்கே தீங்கு. மின்சாரமும் மருந்தும் சீட்டைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ, கடல் கடந்த ஊரிலோ பணிபுரியும் உங்கள் மகனோ மகளோ, 'இன்று முழுவதும் வேறொருவர் எழுதிய குறிப்பைத் திருத்தினேன்' என்று சொல்வாரானால், இதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று மனம் சோர வேண்டாம். அப்பணியால் கணிப்பொறி ஒரு நொடிகூட விரைவாக ஓடப்போவதில்லை. ஆயினும் பத்து ஆண்டு கழித்து, முகமறியாத ஒருவர் எங்கோ நள்ளிரவில் அந்த வரியைப் படித்து, வழி தவறாமல் தம் வேலையை முடித்து உறங்கச் செல்வார். அவருக்கு நன்றி சொல்ல உங்கள் பிள்ளையின் முகம் தெரியாது. ஆனால் அந்தத் திருத்தத்தின் அடியில் பெயர் இருக்கும்.